கப்பல் மூழ்கிய கதை, பிழைத்து வந்தவர்கள் கதை: நல்ல புத்தகம் சொல்லுங்கள்

டோம்பிவிலி ஸ்லோ

ஆல்ஃபிரட் லான்சிங் 1959-ல் எழுதிய 'எண்டூரன்ஸ்' முடித்துவிட்டேன். ஷாக்கிள்டனின் கப்பல் அண்டார்டிகாப் பனியில் சிக்கி நொறுங்குகிறது, அதிலிருந்த 28 பேரும் உயிரோடு திரும்புகிறார்கள். அதற்கப்புறம் எதைக் கையில் எடுத்தாலும் சப்பென்று இருக்கிறது. இதே மாதிரி கடல் விபத்து, நடுக்கடலில் தவித்துப் பிழைத்தவர்கள் பற்றிய புத்தகங்கள் வேண்டும். நடந்த கதையாக இருக்க வேண்டும், நாவல் வேண்டாம். டைட்டானிக் வேண்டவே வேண்டாம், அதில் எனக்குப் படிக்கப் பாக்கி எதுவும் இல்லை. அப்புறம், தலையணை சைஸில் இருக்கக் கூடாது. காலையில் மும்பை லோக்கல் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவன் நான்.

மாட்டுங்கா மாமி

ஒரு கையில் அடங்குகிற புத்தகம்தானே? கார்சியா மார்க்வெஸின் 'தி ஸ்டோரி ஆஃப் எ ஷிப்ரெக்டு செய்லர்' எடுத்துக்கொள். ஆள் நாவலாசிரியர் என்றாலும் இது நாவல் இல்லை, பத்திரிகையாளராக இருந்தபோது எழுதியது. 1955 பிப்ரவரி கடைசியில் கொலம்பியக் கடற்படையின் கால்டாஸ் கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுகிறார்கள். வேலாஸ்கோ என்ற ஒருவன் மட்டும் மிதவையில் ஏறிக்கொள்கிறான். பத்து நாள் சோறு தண்ணீர் இல்லை.

அந்தப் பத்து நாளும் மணிக்கணக்கில் வருகிறது, கையில் கடிகாரம் இருக்கிறதே. சுறாக்கள் சொல்லிவைத்த மாதிரி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடும். இவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். ஒருநாள் ஒரு கடற்பறவையைப் பிடித்துக் கழுத்தைத் திருகிவிடுகிறான், ஆனால் அவ்வளவு பசியிலும் அதை வாயில் வைக்க முடியவில்லை. பையில் கிடந்த கடை விளம்பர அட்டைகளை மென்றுகொண்டிருக்கிறான். எனக்கு அந்த அட்டைதான் இன்னும் ஞாபகம் இருக்கிறது, சுறா இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. புயலில் விழுந்தார்கள் என்றது அரசாங்கம். புயலே அடிக்கவில்லை, டெக்கில் கட்டியிருந்த ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அவிழ்ந்து எங்களைத் தள்ளிவிட்டன என்றான் இவன். போர்க்கப்பலில் அந்தச் சரக்குக்கு என்ன வேலை? 14 பகுதியாகப் பத்திரிகையில் வந்தது. கொஞ்ச மாதத்தில் பத்திரிகையையே மூட வேண்டியதாகிவிட்டது. புத்தகமாக வந்தது 1970-ல்தான்.

டோம்பிவிலி ஸ்லோ

மாமி, இன்றைக்கே தேடுகிறேன். ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடைகளில் கிடைக்குமா?

மாட்டுங்கா மாமி

மார்க்வெஸ் எல்லாக் கடையிலும் இருப்பார், ஆனால் எடுத்துக் காட்டுவது 'ஒன் ஹண்ட்ரட் இயர்ஸ்' ஆகத்தான் இருக்கும். ஒல்லியான புத்தகம் என்று கேள். முதலில் சொல்லும் விலைக்கு வாங்கிவிடாதே.

செம்பூர் இன்ஜின்ரூம்

கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'எண்டூரன்ஸ்' அருமையான புத்தகம், அதில் எனக்குச் சண்டை இல்லை. லான்சிங் பிழைத்தவர்களிடம் நேரில் பேசி, டைரிகளையும் வாங்கிப் படித்து எழுதியது. ஆனால் படித்து முடித்ததும் நம் மனதில் நிற்பது ஷாக்கிள்டன் ஒருவர்தான். நான் அதில் தச்சரைப் பார்க்கிறேன். ஹாரி மெக்னிஷ். எலிஃபண்ட் தீவில் 22 பேரை விட்டுவிட்டு ஆறு பேர் 'ஜேம்ஸ் கேர்ட்' படகில் சவுத் ஜார்ஜியாவுக்குக் கிளம்புகிறார்களே, சுமார் 800 மைல், உலகத்திலேயே மோசமான கடல். அந்தப் படகுக்கு மேல்தளமே கிடையாது. 22 அடி சொச்சம் நீளமுள்ள திறந்த படகு. மெக்னிஷ் ஸ்லெட்ஜ் வண்டியின் சட்டத்தையும் பெட்டி மூடிகளையும் வைத்துச் சாரம் கட்டி, மேலே கேன்வாஸ் இழுத்துத் தைக்க ஏற்பாடு செய்கிறார். கேன்வாஸ் உறைந்து பலகை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. கொழுப்பு அடுப்புக்கு மேலே காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கித்தான் ஊசி ஏற்ற முடிந்தது. படகின் இடுக்குகளை அடைக்கக் கூட வந்த ஓவியரின் ஆயில் பெயிண்ட்டும் சீல் ரத்தமும். கடைசியில் மலை ஏறிக் கடக்கும்போது வழுக்காமல் இருக்க ஷூவில் திருகாணி வைத்ததும் இதே ஆள்தான்.

துருவப் பயணம் போனவர்களுக்குக் கொடுக்கும் போலார் மெடல் இந்த ஆளுக்குக் கிடைக்கவில்லை. பனியில் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் உத்தரவுக்கு எதிர்த்துப் பேசினார் என்பதால் ஷாக்கிள்டன் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. மொத்தம் நாலு பேருக்கு இப்படி. இதனால்தான் சொல்கிறேன், கேப்டன் பக்கத்திலிருந்து எழுதிய கதைகளைப் படித்தாயிற்று என்றால், அடுத்து கேப்டனும் ஆட்களும் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொல்லும் புத்தகத்துக்குப் போக வேண்டும். டேவிட் கிரானின் 'தி வேஜர்', 2023.

1741 மே மாதம் வேஜர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் படகோனியா பக்கம் ஒரு தீவில் மோதி உடைகிறது. பட்டினி, கலகம், கொலை. 1742 ஜனவரியில் 30 பேர் தாங்களே இழைத்துக் கட்டிய படகில் பிரேசில் கரைக்கு வந்து சேர்ந்து வீரர்கள் ஆகிறார்கள். அப்புறம் இன்னொரு சின்னக் கூட்டம் அந்தப் பக்கம் சிலியில் கரை ஏறி, முதலில் வந்தவர்கள் வீரர்கள் இல்லை, கலகக்காரர்கள் என்கிறது. இரண்டு தரப்பும் புத்தகம் எழுதினார்கள். உடைந்த கப்பலை விட உடைந்த கதைதான் சுவாரசியம்.

வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் பற்றி ஓர் அத்தியாயம் வரும், சாப்பிட்டுக்கொண்டு படிக்காதீர்கள். பழைய காயங்கள் எல்லாம் திறந்துகொள்ளுமாம். அந்தக் கப்பல் கூட்டத்தில் ஒரு கிழவருக்கு, 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்டு ஐம்பது வருஷமாக ஆறிக் கிடந்த காயம் மறுபடி திறந்துகொண்டது.

முலுண்ட் மீரா

நான் கொஞ்சம் பயந்த ஆள். இந்த வகைப் புத்தகம் என்றாலே மனிதனை மனிதன் தின்பதில்தான் வந்து நிற்கிறது. அது இல்லாத புத்தகம் ஏதாவது உண்டா?

மாட்டுங்கா மாமி

மீரா, அப்படியானால் எசெக்ஸ் பக்கமே போகாதே.

வாஷி வாசகர்

மற்றவர்கள் கட்டாயம் போக வேண்டும். நதானியல் ஃபில்பிரிக்கின் 'இன் தி ஹார்ட் ஆஃப் தி சீ', 2000-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. எசெக்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை 1820 நவம்பரில் ஒரு திமிங்கிலமே முட்டி மூழ்கடிக்கிறது. 'மோபி டிக்' நாவல் கிளம்பிய இடம் இதுதான். 20 பேர் மூன்று சிறு படகில். மேற்கே காற்றோடு போயிருந்தால் தீவுகள் இருந்தன. அங்கே நரமாமிசம் தின்கிறவர்கள் இருப்பார்கள் என்று பயந்து தென் அமெரிக்காவை நோக்கித் திரும்புகிறார்கள். கடைசியில் தின்றது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பிழைத்தது எட்டுப் பேர்.

மாட்டுங்கா மாமி

அடுத்து யாரைக் கொன்று தின்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடும் கட்டம் எல்லாரும் பேசுவது. கேப்டனின் உறவுக்காரப் பையன் பெயர் வருகிறது, ஓவன் காஃபின். எனக்கு அதை விட அடிவயிற்றில் இறங்கியது இன்னொன்று. அந்தக் கப்பலில் கறுப்பின மாலுமிகளும் இருந்தார்கள். படகில் போன அவர்களில் ஒருவர்கூட உயிரோடு வரவில்லை. செத்த பிறகு உணவான முதல் நாலு பேரும் அவர்கள்தான். கப்பலிலேயே அவர்களுக்குச் சாப்பாடு மட்டம், உடம்பில் சேமிப்பு இல்லை, அதனால் முதலில் விழுந்தார்கள் என்று ஃபில்பிரிக் ஒரு காரணம் பார்க்கிறார். யாரும் கொல்லவில்லை, ஆனாலும் வரிசை அப்படித்தான் விழுந்திருக்கிறது.

தாராவி அண்ணாச்சி

இன்ஜின்ரூம் சாரும் மாமியும் சொல்வதைப் பார்த்தால் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வெள்ளைக்கார மாலுமி பத்து நாள் மிதந்தாலும் புத்தகம் இருக்கிறது. இதே பம்பாய் டாக்கிலிருந்து லஸ்கர் என்று பெயர் கொடுத்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நிலக்கரி அள்ளிப் போட்டவர்களில் நிறையப் பேர் இவர்கள்தானே? இரண்டு உலகப் போரிலும் டார்பிடோ பட்டு மூழ்கியதில் எத்தனை பேர் மிதவையில் கிடந்திருப்பார்கள்? மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்தியன் செய்லர்ஸ் ஹோமில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதில் ஒருவர் எழுதிய அனுபவம் என்று எனக்கு யாராவது ஒரு புத்தகம் காட்டுங்கள்.

நடந்ததை எழுதவும் ஆள் வேண்டும் அல்லவா. 1947 ஜூலை 17, சுதந்திரத்துக்கு ஒரு மாதம் கூட இல்லை. இங்கே பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை ரேவஸுக்குக் கிளம்பிய ராம்தாஸ் படகு மழைக்கடலில் கவிழ்ந்து 600 பேருக்கு மேல் போனார்கள். அலை ஒரு பக்கம் அடித்தது, பயந்த ஜனம் எல்லாம் மறு பக்கம் ஓடியது, அவ்வளவுதான். கப்பலில் வயர்லெஸ் இல்லை. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கவிழ்ந்தும், நீந்திக் கரை சேர்ந்தவர்கள் வந்து சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது. மீன்பிடிக்கப் போன கோலி இன மீனவர்கள்தான் கையில் கிடைத்தவர்களை இழுத்துப் போட்டார்கள். டைட்டானிக்குக்கு ஓர் அலமாரி நிறையப் புத்தகம். இதற்கு?

செம்பூர் இன்ஜின்ரூம்

அண்ணாச்சி சொல்வது சரி. 'தி வேஜர்' புத்தகத்திலேயே ஜான் டக் என்று ஒரு கறுப்பின மாலுமி வருகிறார், அடிமை இல்லை, சுதந்திரமான ஆள். கப்பல் உடைந்ததில் பிழைத்து, அந்தப் படகுப் பயணத்திலும் பிழைத்து, கடைசியில் கரையில் பிடித்து அடிமையாக விற்றுவிடுகிறார்கள். தன் கதையை எழுத அவருக்கு வழியே இல்லாமல் போயிற்று. கிரான் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை, கொஞ்சம் நிற்கிறார்.

ராம்தாஸ் பற்றி ஒரு விஷயம். கூட்டம் ஒரு பக்கம் ஓடியதால் கவிழ்ந்தது என்று சொன்னால் பழி ஜனத்தின் மேல் விழுகிறது. மழைக்காலத்தில் அந்தச் சுமையோடு, வயர்லெஸ் இல்லாமல் கிளப்பியது யார் என்பதுதான் முதல் கேள்வி. நல்ல விபத்துப் புத்தகம் எது என்றால் நான் முதல் 50 பக்கம் பார்ப்பேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று அதில் இருக்க வேண்டும். நேராகப் புயலில் ஆரம்பித்தால் மூடி வைத்துவிடுவேன்.

வாஷி வாசகர்

அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊர்க் கதை ஒன்றுக்குப் புத்தகம் இருக்கிறது. ஜான் என்னிஸ் 1959-ல் எழுதிய 'தி கிரேட் பாம்பே எக்ஸ்ப்ளோஷன்'. 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கைன் கப்பல். உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள், போதாக்குறைக்குக் கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகள். பஞ்சையும் வெடியையும் ஒன்றாக ஏற்றலாமா என்று கேட்டால் ஸ்கூல் பையன் பதில் சொல்வான். போர்க்காலம், கப்பலில் இடம் காலியாகப் போகக் கூடாது என்று ஏற்றிவிட்டார்கள். ஆபத்தான சரக்குக்கு ஏற்ற வேண்டிய சிவப்புக் கொடியும் ஏற்றவில்லை. மத்தியானம் புகை தெரிந்ததிலிருந்து 4.06-க்கு வெடிக்கும் வரை, கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள். முடிவு மட்டும் வரவில்லை. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்பு தினமாக இருப்பதற்கு இதுதான் காரணம். சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் பதிவாயிற்று என்றால் சத்தத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகம், அச்சில் இல்லை என்று நினைத்துத்தான் தேட வேண்டும். கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, நம் கடற்படையின் ஐஎன்எஸ் குக்ரி கப்பல். 1971 போரில் மும்பையிலிருந்து கிளம்பி, டிசம்பர் 9 இரவு டையூ பக்கம் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் அடித்து மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 'தி சிங்கிங் ஆஃப் ஐஎன்எஸ் குக்ரி' எழுதினார். ராணுவ ஆள் கடற்படைக் கதை எழுதுகிறாரே என்று பார்க்காதீர்கள். அதே போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே குக்ரி கத்தியால் வெட்டியவர் அவர்.

செம்பூர் இன்ஜின்ரூம்

குக்ரி புத்தகத்தில் சாதாரண மாலுமிகள் பேசுகிறார்கள், அதுதான் அதன் பலம். எழுத்து சில இடத்தில் தட்டையாக இருக்கும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

முலுண்ட் மீரா

என் கேள்வி அப்படியே நிற்கிறது!

மாட்டுங்கா மாமி

உனக்கு மொரிஸ், மராலின் பெய்லி. புருஷன் பெண்டாட்டி, இங்கிலாந்திலிருந்து சொந்தப் பாய்மரப் படகில் கிளம்புகிறார்கள். 1973 மார்ச்சில் பசிபிக் நடுவே திமிங்கிலம் மோதி படகு போய்விட்டது. 117 நாள் ரப்பர் மிதவையில். வெளித்தொந்தரவு இருக்கக் கூடாது என்று மொரிஸ் ரேடியோ டிரான்ஸ்மிட்டரே வைத்துக்கொள்ளவில்லை, அதற்கு அனுபவித்தார். அவர் மனசு உடைந்து உட்கார்ந்துவிட, தூக்கி நிறுத்தியது மராலின்தான், அவளுக்கு நீச்சலே தெரியாது. ஊக்கை வளைத்துத் தூண்டில் முள் செய்தாள், காகிதத்தில் சீட்டுக்கட்டு செய்தாள், கரை ஏறியதும் என்ன சமைக்கலாம் என்று பட்டியல் போட்டாள். ஏழு கப்பல் பார்க்காமலே போயிற்று. எட்டாவது, கொரிய மீன்பிடிக் கப்பல், திரும்பி வந்தது.

ஓர் இடத்தில் ஆமையைக் கயிற்றில் கட்டி மிதவையை இழுக்க வைக்கப் பார்க்கிறார்கள். அது ஒழுங்காகத்தான் இழுத்தது. வேகம் போதவில்லை என்று இரண்டாவது ஆமையைக் கட்டினால், அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அவர்களே எழுதிய புத்தகம் '117 டேஸ் அட்ரிஃப்ட்'. சமீபத்தில் சோஃபி எல்ம்ஹர்ஸ்ட் 'மொரிஸ் அண்ட் மராலின்' என்று எழுதியிருக்கிறார், அது கல்யாணத்தைப் பற்றிய புத்தகம் என்றே சொல்லலாம். மனிதனை யாரும் தின்னவில்லை. ஆமைகள்தான் பாவம்.

முலுண்ட் மீரா

ஆமை சாகும் என்றால் பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, இருந்தாலும் இதை வாங்குகிறேன்.

டோம்பிவிலி ஸ்லோ

ஸ்டீவன் கலஹனின் 'அட்ரிஃப்ட்' பற்றி யாரும் சொல்லவில்லையே? 1982-ல் அட்லாண்டிக்கில் 76 நாள் தனியாக மிதந்தவர். பாண்டிச்சேரிப் பையன் புலியோடு போகும் 'லைஃப் ஆஃப் பை' படம் எடுத்தபோது ஆலோசனைக்கு இவரைத்தான் கூப்பிட்டார்களாம். ஆனால் கடல் நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் கருவியை ரிப்பேர் செய்வதே பக்கம் பக்கமாக வருகிறது என்கிறார்கள். அலுப்பு தட்டுமா?

செம்பூர் இன்ஜின்ரூம்

அதுவே கதை. மிதவையில் உயிர் என்பது அந்த நாளுக்குக் கிடைக்கும் அரை லிட்டர் தண்ணீர். ஒட்டுப் போடத் தெரியாதவன் செத்தான். மிதவை அடியில் கிழிந்து, அவர் அதை அடைக்கப் போராடும் பகுதியை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். உங்களுக்கு ரிப்பேர் வேலை பிடிக்காது என்றால் டூகல் ராபர்ட்சனின் 'சர்வைவ் தி சாவேஜ் சீ'. 1972 ஜூனில் கலாபகஸ் தாண்டி, கொலைத் திமிங்கிலங்கள் படகைப் பிளந்துவிட, சின்னப் பையன்கள் உட்பட ஆறு பேர் 38 நாள். அம்மா லின் நர்ஸ். மிதவையில் தேங்கிய மழைத் தண்ணீரில் ஆமை ரத்தமும் அழுக்கும் கலந்து, வாயால் குடித்தால் வாந்திதான் வரும். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதை எனிமாவாக, ஆசனவாய் வழியாகக் கொடுத்தார். பெருங்குடல் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், வயிற்றுக்குத் தெரியாது. நர்ஸ் படிப்பு எங்கே கை கொடுக்கிறது பாருங்கள். கடல் தண்ணீரைக் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற உடம்பில் இருக்கிற தண்ணீரும் சேர்ந்து போய்விடும். இதைப் புரிந்துகொண்டு படித்தால் எந்த மிதவைக் கதையும் அலுக்காது.

தாராவி அண்ணாச்சி

நாவல் வேண்டாம் என்று தம்பி சட்டம் போட்டிருக்கிறார், நான் மீறுகிறேன். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. 2004-ல் வந்தது. கட்டுமரம் கவிழ்ந்து மூன்று பேர் நடுக்கடலில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடப்பதில் ஆரம்பித்து, பரதவர் ஊர் ஒன்றின் முழு வாழ்க்கையும் அதற்குள் வரும். நான் உவரிப் பக்கத்துக்காரன், அதில் வரும் காற்றின் பெயரும் நீரோட்டத்தின் பெயரும் எங்கள் தாத்தா வாயில் கேட்டவை. நடந்த கதை இல்லை என்று யாராவது சொன்னால், ஒக்கி வந்தபோது எங்கள் பக்கம் வந்து கேட்டிருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் புயல். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. தமிழ்நாடு, கேரளப் படகுகள் பல அலைந்து இதே மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கின. ஒதுங்காதவர்கள் வீட்டில் இன்னும் போட்டோவுக்கு மாலை போடலாமா வேண்டாமா என்று பேச்சு.

மாட்டுங்கா மாமி

அண்ணாச்சி, தமிழில் அந்த நாவல் என்னிடமும் இருக்கிறது. பக்கம் அதிகம், லோக்கல் கம்பிக்கு ஒத்துவராது, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் உவரியில் கேட்டதை இங்கே எழுதுங்களேன்? ஒக்கியில் திரும்பி வந்தவர் ஒருவர் சொன்னதை அப்படியே போட்டாலும் போதும்.

தாராவி அண்ணாச்சி

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் தேவ்கட்டில் கரை ஏறியவன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உட்கார வைத்துப் பேச வைக்கிறேன். அவனுக்கு விருப்பம் இருந்தால்தான்.

டோம்பிவிலி ஸ்லோ

மார்க்வெஸ் முடித்தாயிற்று, அட்டை தின்னும் இடத்தில் மாமியை நினைத்தேன். 'தி வேஜர்' பாதியில் இருக்கிறேன். கேப்டன் சீப் ஆயுதமில்லாத ஒரு மிட்ஷிப்மேனை, அதாவது இளநிலை அதிகாரியை, கன்னத்தில் சுட்டுவிட்டார். இதற்கப்புறமும் அவரை எதிர்த்து நிற்கும் கன்னர் (பீரங்கிப் பொறுப்பாளர்) பல்க்லி பக்கம் சேராமல் இருக்க முடியுமா?

தாராவி அண்ணாச்சி

நான் முதல் பக்கத்திலிருந்தே பல்க்லி கட்சி. ஜனத்தை ஊருக்குக் கொண்டு போனவன் அவன்.

செம்பூர் இன்ஜின்ரூம்

எல்லாரும் கன்னர் கட்சிக்குப் போய்விட்டால் கேப்டனுக்கு யார் பேசுவது? நான் பேசுகிறேன். கப்பல் மோதுவதற்கு முதல் நாள் சீப் விழுந்து தோள்பட்டை போய், வைத்தியர் ஓபியம் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். அந்த ஆள் எழுந்தபோது கப்பல் இல்லை. ஆனால் உத்தரவு இருக்கிறது: வடக்கே போய் தளபதி ஆன்சனின் கப்பல் படையோடு சேர வேண்டும். பல்க்லி தெற்கே மெகல்லன் ஜலசந்தி வழியாக வீட்டுக்குப் போகலாம் என்கிறார். போர்க்காலத்தில் கேப்டன் சரி என்று தலையாட்டினால் அவருக்குத் தூக்கு. சுட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பல்க்லி நாள் தவறாமல் டைரி எழுதினார் பாருங்கள், பின்னால் நீதிமன்றம் வரும் என்று தெரிந்தே எழுதிய டைரி அது. ஒவ்வொரு வரியும் வக்கீல் மாதிரி. நீங்கள் பல்க்லியை நம்புவது அவர் நல்லவர் என்பதாலா, நன்றாக எழுதினார் என்பதாலா?

டோம்பிவிலி ஸ்லோ

மீதிப் பாதியைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன் சார். வெள்ளிக்கிழமைக்குள் 1746 ராணுவ நீதிமன்றம் வரை வந்துவிடுவேன். அதுவரை யாரும் தீர்ப்பைச் சொல்லிவிடாதீர்கள்.

மாட்டுங்கா மாமி

நான் சொல்லமாட்டேன். ஆனால் கலகம் என்ற பேச்சை அந்த நீதிமன்றத்தில் யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துப் படி.